பழைய லாரி வாங்கப் போகிறீர்களா? வர்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள்!

லாரி டிரைவர்கள் பலருக்கும் ஒரு கனவு உண்டு.

"இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவர் வண்டியை ஓட்டுவது? நமக்கென்று ஒரு வண்டி வேண்டும்" என்பதுதான் அந்தக் கனவு.

புது லாரி வாங்கப் பல லட்சம் ரூபாய் வேண்டும். டிரைவர் கையில் அவ்வளவு பணம் ஏது? மனைவியின் நகை இருக்கும். ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கலாம். சீட்டுப் பணம் வரும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பழைய லாரிக்கு முன்பணம் கட்டலாம்.

லாரி நன்றாக ஓடினால் குடும்பம் தலை நிமிரும். ஏமாந்துவிட்டால்? நகையும் போகும், நிலமும் போகும், கடைசியில் வண்டியும் போகும்!

எனவே, பழைய லாரியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை டிரைவர் தெரிந்திருக்க வேண்டும். நகையைக் கழற்றிக் கொடுக்கும் மனைவியும் தெரிந்திருக்க வேண்டும்.

ரெயிலடியும் லாரியும்

கோவைக்குத் தெற்கே உள்ள போத்தனூர், ரெயிலால் வளர்ந்த ஊர்.

சென்னையில் இருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூருக்கு ரெயில் பாதை போட்டார்கள். அந்தப் பாதையில் 1862-ம் ஆண்டிலேயே போத்தனூர் இடம் பெற்றுவிட்டது. போத்தனூரில் இருந்து கோவை நகரம் வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை வந்தது 1873-ம் ஆண்டில்தான்.

ரெயில் எவ்வளவு சரக்கைக் கொண்டுவந்தாலும், அதை ஆலை வாசலிலும் கடை வாசலிலும் இறக்க லாரி வேண்டும். போத்தனூருக்கு அடுத்த மதுக்கரையில் 1934-ம் ஆண்டில் சிமெண்டு ஆலை தொடங்கியது. குறிச்சியில் சிட்கோ தொழிற்பேட்டை எழுந்தது. கேரளாவுக்குப் போகும் பாலக்காட்டு ரோடும் பக்கத்தில்தான். அப்புறம் லாரிக்கு வேலை இல்லாமல் இருக்குமா?

கொங்கு நாடே லாரி நாடு! லாரிக்குப் பாடி கட்டுவதற்கும், கேஸ் டேங்கர் லாரிகளுக்கும் பெயர் பெற்றது நாமக்கல். லாரிக்காரர்கள் நிறைந்த ஊர் சங்ககிரி. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் "ரிக்" வண்டி என்றால் திருச்செங்கோடு. அந்த ஊர் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்ப் பாறையைத் துளைக்கின்றன.

இத்தனை வண்டிகளும் என்றோ ஒரு நாள் பழசாகும், கை மாறும். அப்படிக் கை மாறும்போதுதான் புத்தி வேண்டும்.

ஜி.டி.நாயுடு காட்டிய வழி

பழைய வண்டி வாங்குவதற்குக் கோவையிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

விஞ்ஞானி ஜி.டி.நாயுடு கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு பிறந்தவர். இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். அதை வாங்கியே தீர வேண்டும் என்று ஆசை! கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்தப் பழைய மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் உடனே ஏறி ஊர் சுற்றவில்லை. அக்கு அக்காகப் பிரித்தார். ஒவ்வொரு சாமானும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு மறுபடியும் பூட்டினார்.

அவர்தான் பின்னாளில், 1920-ல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அந்த ஒரு பஸ் பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

பழைய லாரி வாங்குபவர் எல்லோராலும் வண்டியைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் புத்தியைப் பின்பற்றலாம். மேலே தெரிவதை நம்பாமல், உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும்.

வேலை செய்யும் வண்டிகள்

லாரிகளில் இரண்டு வகை உண்டு.

சரக்கை ஏற்றி ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குப் போவது ஒரு வகை. ஓர் இடத்தில் நின்றுகொண்டு வேலை செய்வது இன்னொரு வகை. கிரேன், ரிக், கான்கிரீட் கலக்கும் வண்டி ஆகியவை இந்த இரண்டாவது வகை. தெரு விளக்கைப் பழுது பார்க்க ஆளை உயரத் தூக்கும் "ஸ்கை லிப்ட்" வண்டியும் இதில் சேர்ந்ததுதான்.

ஸ்கை லிப்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். லாரியின் மேல் நீண்ட கை ஒன்று இருக்கும். அதைப் "பூம்" என்பார்கள். அதன் நுனியில் ஆள் நிற்கும் கூடை. லாரி என்ஜின் ஓடும்போது, கியர் பாக்சில் இருந்து சக்தியை எடுத்து ஒரு பம்பு சுழலும். அந்தப் பம்பு எண்ணெயை அழுத்தும். எண்ணெயின் அழுத்தத்தால் பூம் உயரும். லாரி சாயாமல் இருக்க நான்கு ஜாக்கிக் கால்கள் தரையில் ஊன்றும்.

இந்த வண்டி பிறந்த கதை வேடிக்கையானது. 1940-களில், அமெரிக்காவில் ஜே ஈட்டல் என்பவர் மரத்தில் ஏறிச் செர்ரிப் பழம் பறித்து அலுத்துப் போனார். ஆளையே தூக்கிக் காட்டும் எந்திரம் ஒன்றைச் செய்தார். பழம் பறிக்க வந்த எந்திரம், பிறகு மின்சாரக் கம்பத்துக்கும் டெலிபோன் கம்பத்துக்கும் போய்விட்டது! இன்றும் அமெரிக்கர்கள் இதைச் "செர்ரி பறிப்பான்" என்றே அழைக்கிறார்கள்.

கோவைப் பக்கத்துக்கு 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின, கம்பங்கள் பெருகின. கம்பத்தில் ஏறுகிறவர்களுக்கு அன்று ஏணியும் கயிறும்தான் துணை. இன்று ஸ்கை லிப்ட் இருக்கிறது. வாடகைக்கு விட்டால் வேலை கிடைக்கும் என்று பழைய ஸ்கை லிப்டைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மீட்டரை நம்பலாமா?

"ஏனுங்கண்ணா, வண்டி நாற்பதாயிரம் கிலோ மீட்டர்தானுங்க ஓடியிருக்குது! புது வண்டி மாதிரிங்க!"

இப்படி ஒரு புரோக்கர் சொல்லுவார். மீட்டரும் அப்படியே காட்டும். புரோக்கர் சொல்வது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் வாங்குபவர் ஏமாந்து போவார்!

எப்படி?

சரக்கு லாரி ஓடினால்தான் தேயும். ஸ்கை லிப்டும் ரிக்கும் நின்ற இடத்திலேயே தேயும். காலையில் ஒரு தெருவில் போய் நிற்கும். மாலை வரை என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கிலோ மீட்டர் கணக்கில் ஒன்றுமே ஏறாது. என்ஜினும் பம்பும் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே இத்தகைய வண்டிகளுக்கு மணிக் கணக்கு முக்கியம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், ஆயில் மாற்றிய பில்களைக் கேட்க வேண்டும். கிளட்ச் மிதியும், ஏறி இறங்கும் படியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

வர்ணத்துக்குக் கீழே என்ன?

பழைய லாரிக்குப் பட்டி பூசி, புது வர்ணம் அடித்து, மாலை போட்டு நிறுத்திவிட்டால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பார்ப்பவர் மயங்குவார்.

வண்டி முழுவதும் பழைய வர்ணம் இருந்து, ஓர் இடத்தில் மட்டும் புது வர்ணம் இருந்தால் அங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். விரிசலை வெல்டிங் வைத்து மூடியிருக்கலாம்.

லாரிக்கு முதுகெலும்பு சேஸ். குனிந்து, டார்ச் அடித்து, முன்னாலிருந்து பின்னால் வரை பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களில் விரிசல் விழும். வர்ணத்தின் மேல் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கக்கூடும். மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தால், சேஸ் கோணியிருப்பது தெரியும்.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். வாங்குபவர் வருவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பழுதடைந்த என்ஜினும் சூடான பிறகு சுலபமாக ஸ்டார்ட் ஆகிவிடும்.

புகையும் பேசும்! நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபு என்று காற்று அடிக்கிறதா? அதைத்தான் மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள். பெரிய செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சில் கோளாறு இருக்கலாம்.

கடைசியாக, பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சமதளத்தில் காலி வண்டியை ஓட்டினால் கிளட்சின் குணம் தெரியாது.

கல்லும் நூலும் போதும்

ஸ்கை லிப்டில் மிக முக்கியமான சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஒரு நூலும் ஒரு கல்லும் போதும்.

முதலில் நான்கு ஜாக்கிக் கால்களையும் ஊன்ற வேண்டும். கூடையில் ஆள் ஏறக்கூடாது. கூடைக்கு அடியிலும் யாரும் நிற்கக்கூடாது. கல் கட்டிய நூலைக் கூடையில் இருந்து தொங்கவிட்டுப் பூமை உயர்த்த வேண்டும். கல் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்போது என்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

பிறகு கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கல் அதே இடத்தில் நின்றால் நல்லது. தரையை நோக்கி இறங்கிவிட்டால், சிலிண்டரின் சீலோ வால்வோ எண்ணெயை விடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஆளை ஏற்றினால் என்ன ஆகும்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது!

ஜாக்கிக் கால்களையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். ஊன்றிய கால் தானாக மேலே வாங்கினால் லாரியே சாய்ந்துவிடும்.

எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, பூம் மடங்கும் இடத்தில் உள்ள பின்களும் புஷ்களும் ஆடுகின்றனவா, சுழலும் பீடத்தின் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கூடையில் இருந்தும் இயக்கலாம்; கீழே இருந்தும் இயக்கலாம். இரண்டையும் சோதிக்க வேண்டும். என்ஜின் நின்றுபோனால் கூடையில் உள்ளவரை இறக்க ஒரு வழி இருக்க வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் வண்டி வேண்டாம்.

"எப்.சி. ஒரு வருஷத்துக்கு இருக்குதுங்களே!" என்று விற்பவர் சொல்லலாம். எப்.சி. என்பது பிரேக், விளக்கு, ஸ்டியரிங், புகை முதலியவை சரியாக இருந்து லாரி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் சான்று. மேலே உள்ள பூம் ஆளைத் தாங்குமா என்பதற்கு அதை நம்பி இருந்துவிட முடியாது. அதற்குத் தெரிந்த ஹைட்ராலிக் மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டும்.

மின்சாரத்தோடு விளையாட்டா?

எல்லா ஸ்கை லிப்டும் ஒன்று அல்ல.

சிலவற்றில் பூமின் ஒரு பகுதியும் கூடையும் மின்சாரம் பாயாத பைபர் கண்ணாடியால் ஆனவை. சிலவற்றில் எல்லாமே இரும்பு. இரும்புக் கூடையில் நின்று, மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் போவது எமனைக் கைநீட்டி அழைப்பதாகும். விளக்குக் கம்பத்து வேலை என்றாலும் முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

பைபர் பூம் இருந்தாலும் கவலை இல்லை என்று இருந்துவிடக் கூடாது. அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் அதன் மேலும் மின்சாரம் ஓடும். முன்பு வைத்திருந்தவர் பூமின் மேல் இரும்புக் குழாயையோ ஒயரையோ கட்டியிருந்தால், காப்பு அங்கேயே போயிற்று! கூடையில் நிற்பவர் இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டாலும் பைபர் அவரைக் காப்பாற்றாது.

பைபர் பூமுக்கு மின்காப்புச் சோதனை தனியாக உண்டு. வெளிநாட்டில் இருந்து வந்த பழைய வண்டியாக இருந்தால், அந்தச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்து இல்லாவிட்டால், இரும்புக் கூடை என்றே எண்ணி நடந்துகொள்வது நல்லது.

காகிதம் பேசும்

வண்டி நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? காகிதமும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் அடித்துள்ள எண்களோடு ஒத்துப்போக வேண்டும். எண் அடித்த இடம் தேய்த்தது போலவோ வெல்டிங் வைத்தது போலவோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

சரக்கு லாரியில் பின்னால் பூம் பொருத்தியிருந்தால், அந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்சுப் பணத்துக்குத் தகராறு வரும்.

பைனான்ஸ் கடன் பாக்கி இருக்கிறதா? ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், அது ரத்தாக வேண்டும். அதற்கு 35-ம் எண் படிவமும் கடன் தீர்ந்த சான்றும் தேவை. வரி பாக்கி, போலீஸ் அபராதப் பாக்கி ஆகியவற்றைப் பரிவாகன் அரசு இணையதளத்தில் பார்க்கலாம். வேறு மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும்.

வடக்கே சரக்கு ஏற்றிப் போகலாம் என்று நினைப்பவர்கள் வயதையும் பார்க்க வேண்டும். 12 ஆண்டைத் தாண்டிய சாதாரண லாரிக்கு நேஷனல் பெர்மிட் கிடையாது. பல அச்சு லாரிக்கு 15 ஆண்டு.

விற்றவருக்கும் ஆபத்து!

"பெயர் மாற்றம் அப்புறம் பார்த்துக்கலாமுங்க. இப்போதைக்குப் பாரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடறனுங்க" என்று சிலர் சொல்வார்கள். பல கை மாறிய பிறகும் ஆர்.சி. முதல் ஆளின் பெயரிலேயே இருக்கும்.

இதனால் என்ன நேரும் என்பதை 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு காட்டுகிறது.

ஒருவர் தன் காரை விற்றார். அது அடுத்தடுத்துப் பல கை மாறியது. ஆனால் பெயர் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? கடைசியாக வாங்கியவரா? முதலில் விற்றவரா?

"பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். அவரே பொறுப்பு" என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விற்றுப் பணத்தையும் செலவழித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர் தலையில் இடி! காருக்குச் சொன்னதுதான் லாரிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 29-ம் எண், 30-ம் எண் படிவங்கள் இதற்கானவை. இன்சூரன்சையும் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறும் வரை பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது இருவருக்கும் நல்லது.

ஏலத்தில் எடுக்கலாமா?

அரசு இலாகாக்களும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்த வண்டிகளை ஏலம் விடுவது உண்டு. 1964-ல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனம் இத்தகைய ஏலங்களை இணையம் மூலம் நடத்துகிறது.

விலை மலிவாக இருக்கும். ஆனால் "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்பதுதான் ஏல நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை உடைக்கத்தான் போக வேண்டும். ஓட்டும் வண்டியா, உடைக்கும் வண்டியா என்று ஏல அறிவிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்கத் தெரியாதவர் படித்தவரிடம் காட்ட வேண்டும்.

கடன் வாங்கும் முன்

ஒரு காலத்தில் பழைய லாரிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. டிரைவரிடம் சொத்து இல்லை, வண்டியோ பழசு. யார் நம்புவார்கள்?

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர்.தியாகராஜன் நம்பினார். 1974-ல் சென்னையில் சீட்டு நிறுவனமாக ஸ்ரீராம் குழுமத்தை உண்டாக்கியவர்களில் அவர் ஒருவர். 1979-ல் லாரிக் கடனுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. "லாரி டிரைவர் கடனைத் திருப்பிக் கட்டுவார்" என்ற நம்பிக்கையில் அது வளர்ந்தது. பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதில் நாட்டிலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்றாயிற்று.

இன்று கடன் கிடைப்பது கடினம் இல்லை. கட்டுவதுதான் கடினம்!

வண்டி விலையோடு செலவு முடிந்துவிடாது. டயர், பேட்டரி, எப்.சி., இன்சூரன்சு, வரி என்று வரிசையாக வரும். 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. காட்டினால் போதும். அதற்கு மேல் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். எனவே கையில் உள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. வாங்கிய முதல் மாதமே வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் டியூ கட்டப் பணம் இருக்க வேண்டும்.

வாடகை எங்கே கிடைக்கும், மாதம் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். வேலையைப் பேசிவிட்டு வண்டியைத் தேடுகிறவர் பிழைப்பார். வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு வேலையைத் தேடினால், டியூ தேதி ஓடி வந்துவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

"இப்பவே அட்வான்ஸ் கொடுங்கண்ணா. மத்தியானம் இன்னொருத்தர் வர்றாருங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். வரட்டும்! நல்ல வண்டி போனால் இன்னொரு நல்ல வண்டி கிடைக்கும். பணம் போனால் திரும்பி வராது.

ஒரு நாள் மெக்கானிக்கோடு போய் வண்டியைப் பார்க்க வேண்டும். மறுநாள் படிப்பறிவு உள்ள ஒருவரோடு போய்க் காகிதங்களைப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் விலை பேசலாம்.

ஸ்கை லிப்ட் வாங்குபவர் இன்னும் ஒன்று செய்ய வேண்டும். எல்லாச் சோதனைகளும் முடிந்தபின், "இந்தக் கூடையில் என் தம்பியை, என் மகனை ஏற்றுவேனா?" என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். மனம் தயங்கினால் அந்த வண்டி வேண்டாம். நாளைக்கு அதில் ஏறி நிற்கப் போகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.